பறக்கக் கற்றுத் தரும் கேம்: ஸோனாட்டிக்

கம்ப்யூட்டர் வந்த முதல் மாதத்திலேயே வீட்டில் எழும் கேள்வி, "இதில் என்ன கேம் விளையாடலாம்?" என்பதுதான். புகழ் பெற்ற கேம்களுக்கு விலை அதிகம். பல கேம்கள் தனியாகக் கிராபிக்ஸ் கார்டு கேட்கும். இலவசம் என்று அழைக்கும் சில கேம்களோ, உள்ளே நுழைந்ததும் புதுத் துப்பாக்கிக்கும் புது உடைக்கும் காசு கேட்கத் தொடங்கிவிடும். இந்த மூன்று தொல்லையும் இல்லாத கேம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ஸோனாட்டிக்.

இது முதல் நபர் பார்வையில் ஆடும் சுடுகளம். அதாவது, திரையில் தெரிவது நம் கண் பார்ப்பது. கீழே தெரியும் ஆயுதம் நம் கையில் இருப்பது. இந்த வகையில் நூற்றுக்கணக்கான கேம்கள் உள்ளன. ஆனால் ஸோனாட்டிக்கில் சுடுவது பாதிதான். மீதிப் பாதி, ஓடுவதும் தாவுவதும் பறப்பதும். நன்றாக நகரத் தெரிந்தவரைக் குறி வைப்பதே கடினம். இந்த வேகம் யாருக்கும் இலவசமாகவும் வராது, காசுக்கும் கிடைக்காது. கற்றுக்கொண்டால் மட்டுமே வரும். எப்படிக் கற்றுக்கொள்வது என்பதே இந்தப் பாடம்.

எங்கிருந்து வந்தது?

1996 ஜூன் மாதம் அமெரிக்காவின் ஐடி சாப்ட்வேர் நிறுவனம் குவேக் என்ற கேமை வெளியிட்டது. அதன் முதன்மை புரோகிராமர் ஜான் கார்மாக். 1999 டிசம்பரில் அந்தக் கேமின் சோர்ஸ் கோட் ஜிபிஎல் லைசென்ஸில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம். ஆனால் திருத்தியதை வெளியிடும்போது அதன் கோடையும் அதே உரிமையோடு தர வேண்டும் என்பதுதான் இந்த லைசென்ஸின் சாரம்.

அந்தக் கோடிலிருந்து டார்க்பிளேசஸ் என்ற மேம்பட்ட இன்ஜின் உருவானது. அதன் மேல் ஏலியன்டிராப் என்ற குழு நெக்ஸுயிஸ் என்ற இலவசக் கேமைக் கட்டி 2005ல் வெளியிட்டது. உலகெங்கும் பலர் சம்பளம் வாங்காமல் அதற்கு வரைபடமும் இசையும் கோடும் கொடுத்தார்கள். 2010ல் அந்தக் கேமின் பெயர் ஒரு வணிக நிறுவனத்துக்கு உரிமமாகக் கொடுக்கப்பட்டது. உழைத்தவர்களில் பலருக்கு இது பிடிக்கவில்லை. பெயர்தான் போயிற்றே தவிர, கோடு ஜிபிஎல் லைசென்ஸில் இருந்ததால் அதை யாராலும் பூட்டிவைக்க முடியவில்லை. அவர்கள் அதை எடுத்துக்கொண்டு தனியே வந்து, ஸோனாட்டிக் என்று புதுப் பெயர் சூட்டினார்கள். வணிகப் பதிப்பு 2012ல் வெளிவந்தது. ஸோனாட்டிக் அதற்குப் பிறகும் வளர்ந்துகொண்டே வந்தது. அதன் 0.8.6 பதிப்பு 2023 ஜூனில் வெளியானது.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இந்தக் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. ஓப்பன் சோர்ஸ் என்றால் காசு இல்லாமல் கிடைப்பது என்று மட்டுமே பலர் நினைக்கிறார்கள். நமக்குப் பிடித்த ஒன்றை இன்னொருவர் பூட்டிவைக்க முடியாது என்பதுதான் அதன் பெரிய பயன்.

டவுன்லோட் செய்திட

1. பிரவுசரில் ஸோனாட்டிக் டாட் ஆர்க் என்ற தளத்துக்குச் செல்லுங்கள். தேடுபொறியில் வரும் வேறு தளங்களிலிருந்து எடுக்க வேண்டாம். இலவச சாப்ட்வேரோடு வேண்டாதவற்றைச் சேர்த்துத் தரும் தளங்கள் ஏராளம்.

2. கிடைப்பது ஒரு ஜிப் பைல். அளவு ஏறத்தாழ 1 ஜிபி. டேட்டா கணக்குப் பார்த்துச் செலவழிப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. ஜிப் பைலின் மேல் ரைட் கிளிக் செய்து, எக்ஸ்ட்ராக்ட் ஆல் கொடுத்து, ஒரு போல்டரில் விரித்துக்கொள்ளுங்கள். ஜிப்புக்கு உள்ளிருந்தே இயக்க முயன்றால் கேம் ஓடாது. புதியவர்கள் அதிகம் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

4. இன்ஸ்டால் செய்யும் வேலை எதுவும் இல்லை. விரித்த போல்டரில் ஸோனாட்டிக் என்ற பெயரில் இருக்கும் இஎக்ஸ்இ பைலை டபுள் கிளிக் செய்தால் போதும். லினக்ஸ், மேக் பயன்படுத்துவோருக்கான பைல்களும் அதே போல்டரில் இருக்கும். கேம் பிடிக்காவிட்டால் போல்டரை டெலிட் செய்துவிடலாம்.

5. முதல் முறை திறக்கும்போது ஒரு பெயர் கேட்கும். சொந்தப் பெயரையோ ஊரையோ கொடுக்காமல் ஒரு புனைபெயர் கொடுங்கள். இன்டர்நெட்டில் எங்கு விளையாடினாலும் இந்தப் பழக்கம் நல்லது.

விளையாடும் முன் சரிசெய்ய வேண்டியவை

வேகமான கேமில் கம்ப்யூட்டர் தடுமாறினால் நம் கையும் தடுமாறும். எனவே முதலில் ஐந்து விஷயங்களைச் சரிபார்த்துவிடுவோம்.

படத்தின் தரம்: செட்டிங்ஸ் பகுதியில் எபெக்ட்ஸ் பிரிவில் லோ, மீடியம், நார்மல் என்று பல படிகள் இருக்கும். எல்லாவற்றுக்கும் அடியில் உள்ள படிக்கு, 'ஐயோ, எங்கள் கண்கள்!' என்று பொருள்படும் பெயரை வைத்திருக்கிறார்கள். படம் அவ்வளவு சுமாராக இருக்கும்! ஆனால் பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லாதவர்கள் லோவில் தொடங்கி, தடங்கல் இல்லையென்றால் ஒவ்வொரு படியாக மேலே செல்லுங்கள். அழகைவிடச் சீரான ஓட்டமே இங்கு முக்கியம்.

வெர்ட்டிகல் சின்க்: வீடியோ பிரிவில் உள்ள இந்த டிக் மார்க்கை எடுத்துவிடுங்கள். மவுஸை அசைப்பதற்கும் திரை அசைவதற்கும் இடையே உள்ள தாமதம் குறையும்.

மவுஸ்: லேப்டாப்பின் டச்பேட் இதற்கு உதவாது. சாதாரண யுஎஸ்பி மவுஸ் போதும். விண்டோஸில் மவுஸ் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, பாயிண்டர் ஆப்ஷன்ஸ் டேபில் என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன் என்பதை நீக்கிவிடுங்கள். அது இயங்கினால், மவுஸை மெதுவாக நகர்த்தினால் ஓர் அளவும் வேகமாக நகர்த்தினால் வேறோர் அளவும் திரை திரும்பும். ஒரே அசைவுக்கு எப்போதும் ஒரே அளவு திரும்பினால்தான் கைக்குப் பழக்கம் ஏறும்.

சென்சிட்டிவிட்டி: இன்புட் பிரிவில் இதைக் குறைவாக வையுங்கள். மணிக்கட்டை மட்டும் வளைத்து ஆடாமல் முழங்கையோடு சேர்த்து மவுஸை நகர்த்திப் பழகினால் கையும் வலிக்காது, குறியும் தவறாது.

கீ போர்டு: விலை குறைந்த சில கீ போர்டுகளில் மூன்று கீகளை ஒரே நேரத்தில் அழுத்தினால் மூன்றாவது பதிவாகாது. நோட்பேடைத் திறந்து, டபிள்யூ, ஏ இரண்டையும் அழுத்திப் பிடித்தபடி ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள். இடைவெளி விழுந்தால் நல்லது. பிறகு டபிள்யூ, டி கீகளோடும் இதையே செய்து பாருங்கள்.

அடிப்படைக் கீகள்

முன்னே செல்ல டபிள்யூ, பின்னே எஸ், பக்கவாட்டில் இடப்புறம் ஏ, வலப்புறம் டி. தாவுவதற்கு ஸ்பேஸ் பார். பார்வையைத் திருப்புவது மவுஸ். சுடுவதற்கு மவுஸின் இடப் பட்டன். ஆயுதம் மாற்ற மவுஸின் நடுச் சக்கரம்.

ஏ, டி கீகள் உடலைத் திருப்புவதில்லை. பார்வை முன்னே இருக்கும்படியே நண்டு போலப் பக்கவாட்டில் நகர்த்துகின்றன. இந்தப் பக்க நடைக்கு ஸ்ட்ரேப் என்று பெயர். இனி வரும் பாடம் முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

வேகம் எங்கிருந்து வருகிறது?

குவேக் குடும்பத்துக் கேம்களில் தரையில் ஓடும் வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. குவேக்கிலும், 1999 டிசம்பரில் வந்த குவேக் 3 அரீனாவிலும் அது விநாடிக்கு 320 யூனிட். ஸோனாட்டிக்கில் 360. ஆனால் தேர்ந்தவர்கள் ஆடும்போது பார்த்தால் இதைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் பறந்துகொண்டிருப்பார்கள். ஏமாற்று வேலையோ என்று புதியவர்களுக்குச் சந்தேகம் வரும். அப்படி எதுவும் இல்லை. அதன் பின்னால் இருப்பது எளிய கணக்கு. குவேக் 3ஐ வைத்து அதைப் பார்ப்போம்.

கம்ப்யூட்டர் ஒவ்வொரு பிரேமிலும் ஒரு கேள்வி கேட்கிறது: "ஆட்டக்காரர் எந்தத் திசைக்குக் கீ அழுத்துகிறார்? அந்தத் திசையில் இப்போது எவ்வளவு வேகம் இருக்கிறது? அது 320க்குக் குறைவு என்றால் கொஞ்சம் கூட்டு." கவனியுங்கள்: மொத்த வேகம் எவ்வளவு என்று கேட்கவில்லை, கீ காட்டும் திசையில் உள்ள வேகத்தை மட்டும்தான் கேட்கிறது.

பள்ளியில் படித்த கொசைனை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் வடக்கு நோக்கி 400 யூனிட் வேகத்தில் பறக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வடக்குத் திசைக்கே கீ அழுத்தினால், அந்தத் திசையில் 400 இருக்கிறது, 320ஐத் தாண்டிவிட்டது, ஒன்றும் கூடாது. வடக்கிலிருந்து 37 டிகிரி தள்ளி ஒரு திசைக்குக் கீ அழுத்தினால்? 37 டிகிரியின் கொசைன் ஏறத்தாழ 0.8. அந்தத் திசையில் உங்கள் வேகத்தின் பங்கு 400 பெருக்கல் 0.8, அதாவது 320. இன்னும் ஒரு டிகிரி தள்ளினால் 320க்குக் கீழே வந்துவிடும். உடனே கம்ப்யூட்டர், "அடடா, குறைகிறதே!" என்று அந்தத் திசையில் கொஞ்சம் கூட்டிவிடும். மொத்த வேகமும் ஏறிவிடும்.

640 யூனிட் வேகத்தில் செல்பவருக்கு இந்தக் கோணம் 60 டிகிரி. 960 என்றால் 70 டிகிரிக்குச் சற்று அதிகம். இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புரியும். ஒன்று, வேகம் ஏற ஏறக் கோணத்தை விரித்துக்கொண்டே போக வேண்டும். இரண்டு, கோணம் விரிய விரியக் கூடும் வேகத்தில் நம் பாதையோடு சேரும் பங்கு குறையும். 60 டிகிரியில் பாதிதான் சேரும். எனவே முதலில் சட்டென ஏறும். பிறகு மெதுவாகத்தான் ஏறும். குவேக் 3ன் கணக்கைப் போட்டுப் பார்த்தால், கோணம் துல்லியமாக இருக்கும்போது 320லிருந்து 640க்கு வர 1.5 விநாடி போதும். 960ஐத் தொட 4 விநாடி ஆகும்.

தரையில் இருக்கும்போது உராய்வு வேகத்தைத் தின்றுவிடும். அதனால்தான் இதைக் காற்றில் செய்ய வேண்டும். தரை தொட்டதும் மறுபடி தாவிவிட வேண்டும். பக்க நடையும் தாவலும் சேர்ந்த இந்த வித்தைக்கு ஸ்ட்ரேப் ஜம்ப் என்று பெயர். முயல் போலத் தொடர்ந்து தாவிக்கொண்டே செல்வதை பன்னி ஹாப் என்பார்கள்.

பிழையா, கலையா?

இந்த வேகத்தை யாரும் திட்டமிட்டு வைக்கவில்லை. கணக்கில் இருந்த ஓட்டை அது. ஆட்டக்காரர்கள் அதைக் கண்டுபிடித்துப் பழகிக்கொண்டார்கள். குவேக்கின் எல்லாக் கட்டங்களையும் மிகக் குறைந்த நேரத்தில் முடிக்கும் பந்தயத்தைப் பாருங்கள். 1997 ஜூனில் ஒரு குழு மிகக் கடினமான நிலையில் 19 நிமிடம் 49 விநாடியில் முடித்தது. 2000 செப்டம்பரில் அதுவே 12 நிமிடம் 23 விநாடியாகக் குறைந்தது. இந்தக் குறைவில் பன்னி ஹாப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

கார்மாக் இதை ஒரு பிழையாகத்தான் கருதினார். குவேக் 3 உருவாகும்போது 1999ல் நீக்கியும் பார்த்தார். ஆனால் அதை நீக்கியதும் சாதாரண ஓட்டமே சரியில்லாமல் போய்விட்டது என்று கண்டு திரும்ப வைத்துவிட்டார். 2005ல் குவேக் 3ன் சோர்ஸ் கோட் வெளிவந்தபோது உலகமே இதைப் பார்த்தது. வேகத்தைக் கூட்டும் பங்ஷனில் பிழையுள்ள கோடும் இருக்கிறது, திருத்திய கோடும் இருக்கிறது. இயங்குவது பிழையுள்ளதுதான். திருத்திய கோடு அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. முறைப்படி அதுவே சரி, ஆனால் ஆடிப் பார்த்தால் நன்றாக இல்லை என்ற பொருளில் ஒரு குறிப்பும் பக்கத்தில் இருக்கிறது. சாப்ட்வேர் எழுதிப் பிழைக்கும் எனக்கு மிகவும் பிடித்த குறிப்புகளில் இது ஒன்று. கணக்குப்படி சரியாக இருப்பதும், பயன்படுத்துபவரின் கைக்குச் சரியாக இருப்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

அன்று பிழையாக வந்ததை ஸோனாட்டிக் தெரிந்தே அடித்தளமாக வைத்துக் கட்டப்பட்டது. மூலக் கணக்கு மேலே சொன்னதுதான். அதன் மேல், காற்றில் திரும்புவதற்குக் கூடுதல் வசதி கொடுத்திருக்கிறார்கள். ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்திருந்தால் தரை தொட்டவுடன் தானாகவே அடுத்த தாவல் தொடங்கிவிடும். எனவே நேரம் பார்த்துத் தட்ட வேண்டிய கவலை புதியவர்களுக்கு இல்லை. கோணத்தில் மட்டும் கவனம் வைத்தால் போதும்.

பயிற்சிகள்

மல்டிபிளேயர் பகுதியில் கிரியேட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பாட் எண்ணிக்கையைப் பூஜ்யமாக வைத்து, ஸ்டார்ம்கீப் அல்லது சோலாரியம் வரைபடத்தைத் திறந்துகொள்ளுங்கள். யாரும் சுட வரமாட்டார்கள். செட்டிங்ஸ் பகுதியில் திரைத் தகவல்களுக்கான அமைப்பில் பிசிக்ஸ் என்ற பேனலை இயக்கினால் உங்கள் வேகம் எண்ணாகத் தெரியும். அந்த எண்தான் உங்கள் ஆசிரியர். ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு நாள், நாளுக்கு 20 நிமிடம் போதும்.

பயிற்சி 1: நேர் ஓட்டம். டபிள்யூ கீயை மட்டும் அழுத்தி, ஸ்பேஸ் பாரைப் பிடித்துக்கொண்டு நேராகத் தாவிச் செல்லுங்கள். திரையில் தெரியும் எண்ணைக் கவனியுங்கள். இதுதான் கற்காதவரின் வேகம். மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி 2: ஒரு பக்கம். டபிள்யூ, டி இரண்டையும் பிடித்துக்கொண்டு தாவுங்கள். காற்றில் இருக்கும்போது மவுஸை வலப்புறமாக மெதுவாக, வழுக்கிக்கொண்டு போவது போல நகர்த்துங்கள். பெரிய வளைவாகச் செல்வீர்கள், எண் ஏறும். பிறகு டபிள்யூ, ஏ இரண்டையும் பிடித்து இடப்புறம் செய்யுங்கள். விதி ஒன்றுதான்: கீ எந்தப் பக்கமோ, மவுஸும் அந்தப் பக்கம்.

இதற்குக் காரணம் மேலே சொன்ன கணக்கில் இருக்கிறது. டபிள்யூவும் டியும் சேர்ந்தால் நாம் பார்க்கும் திசைக்கு 45 டிகிரி வலப்புறம் கீயின் திசை அமையும். மேலே பார்த்த கணக்கில், வேகம் 400 ஆக இருக்கும்போது 37 டிகிரி தேவை. எனவே பார்வை பாதைக்கு 8 டிகிரி இடப்புறம் இருக்க வேண்டும். 640 ஆகும்போது 60 டிகிரி தேவை. பார்வை பாதைக்கு 15 டிகிரி வலப்புறம் வந்துவிட வேண்டும். இடமிருந்து வலத்துக்கு மவுஸ் மெதுவாகப் போவது இதற்காகத்தான். வெடுக்கென்று திருப்பினால் கோணம் தாண்டிப்போய் எண் ஏறாது.

பயிற்சி 3: இரண்டு பக்கமும். ஒரு தாவல் வலப்புறம், தரை தொட்டதும் கீயையும் மவுஸையும் மாற்றி அடுத்த தாவல் இடப்புறம். வளைந்து வளைந்து சென்றாலும் மொத்தத்தில் நேராக முன்னேறுவீர்கள். சாலையில் பாம்பு போவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைவுகளைப் பெரிதாக்காதீர்கள். 500ஐத் தாண்டினால் நீங்கள் நன்றாகவே கற்கிறீர்கள் என்று பொருள்.

பயிற்சி 4: மூலைத் திருப்பம். வேகம் எடுத்தபின் சுவரில் மோதினால் எல்லாம் போய்விடும். காற்றில் இருக்கும்போது ஏ, டி இரண்டையும் விட்டுவிட்டு, டபிள்யூவை மட்டும் பிடித்துக்கொண்டு மவுஸைத் திருப்பினால் பாதை அதற்கேற்ப வளையும். இந்தக் காற்றுத் திருப்பம்தான் ஸோனாட்டிக்குக்குக் கிடைத்த கூடுதல் வசதி. கதவுகளையும் மூலைகளையும் இதை வைத்துக் கடந்து பழகுங்கள்.

பயிற்சி 5: பிளாஸ்டர் தாவல். தொடக்கத்திலேயே கையில் இருக்கும் பிளாஸ்டருக்குக் குண்டு தீராது. இதன் அடி சிறியது. தள்ளும் விசை பெரியது. காலடியைப் பார்த்து, தாவும் அதே கணத்தில் சுடுங்கள். மேல் மாடத்துக்குத் தூக்கிப் போட்டுவிடும். ஓடும்போது பின்புறத் தரையையோ சுவரையோ சுட்டால் முன்னே தள்ளிவிடும். நம் உயிர் அளவு சற்றே குறையும். அந்தச் செலவுக்கு இந்த வேகம் லாபம்தான். இதையே டிவாஸ்டேட்டர் ராக்கெட்டை வைத்துச் செய்தால் இன்னும் உயரம் போகலாம், ஆனால் உயிரில் பெரும் பங்கு போய்விடும்.

ஐந்தும் ஓரளவு வந்தபின் அதே கிரியேட் பகுதியில் இரண்டு மூன்று பாட்களைச் சேர்த்து, திறன் அளவைக் குறைவாக வைத்து ஆடுங்கள். பாட் என்பது கம்ப்யூட்டரே இயக்கும் எதிராளி. சுடும்போது ஓடுவதை மறந்துவிடுவதுதான் எல்லோருக்கும் முதலில் நடப்பது. எனவே முதல் சில ஆட்டங்களில் புள்ளிகளைப் பார்க்காமல், நிற்காமல் ஓடுகிறோமா என்பதை மட்டும் பாருங்கள்.

மற்றவர்களோடு ஆடும்போது

சர்வர் பட்டியலில் பிங் என்ற எண் இருக்கும். நம் கட்டளை சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம் அது; மில்லி விநாடியில் காட்டப்படும். குறைவாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். இன்டர்நெட் மெதுவாக இருந்தாலும் வருத்தம் வேண்டாம். வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர்கள் ஒரே ரூட்டரில் இணைந்திருந்தால், ஒன்றில் கிரியேட் செய்து மற்றொன்றிலிருந்து சேர்ந்துகொள்ளலாம். அண்ணனும் தங்கையும் டேட்டா செலவில்லாமல் ஆடலாம்!

சுடுவதில் விருப்பம் இல்லாதவர்களுக்கும் இதில் இடம் உண்டு. ரேஸ், கம்ப்ளீட் தி ஸ்டேஜ் என்ற முறைகளில் யாரையும் வீழ்த்த வேண்டியதில்லை. தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஓட வேண்டும், கடிகாரம்தான் எதிராளி. ஓட்டத்தைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளி இல்லை.

பெற்றோர் கவனத்துக்கு

இது ஆயுதம் ஏந்தும் கேம். சிறு குழந்தைகளுக்கு ஏற்றதல்ல. சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு அனுமதிப்பவர்கள், செட்டிங்ஸ் பகுதியில் ரத்தக் காட்சிகளையும் கடுமையான சொற்களையும் நீக்கும் வசதியை இயக்கிவிடுங்கள். பொது சர்வர்களில் முகம் தெரியாதவர்களின் செய்திகள் திரையில் வரும் என்பதால், தொடக்கத்தில் பாட்களோடு மட்டும் ஆடச் சொல்லலாம்.

இவ்வளவு வேகமாகத் திரை அசைவதால் சிலருக்குத் தலை சுற்றும். அப்போது உடனே நிறுத்திவிடுங்கள். தாங்கிக்கொண்டு ஆடினால் பழகிவிடும் என்று நினைக்காதீர்கள். விளக்கைப் போட்டுக்கொண்டு, திரையிலிருந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்து, 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து கண்ணுக்கும் மணிக்கட்டுக்கும் ஓய்வு கொடுங்கள்.

நினைவில் கொள்ள

ஸ்ட்ரேப்: பார்வையைத் திருப்பாமல் பக்கவாட்டில் நகர்வது.
ஸ்ட்ரேப் ஜம்ப்: பக்க நகர்வையும் மவுஸ் திருப்பத்தையும் சேர்த்துக் காற்றில் வேகம் கூட்டுவது.
பன்னி ஹாப்: தரையில் நிற்காமல் தொடர்ந்து தாவுவது.
பிரேம்: திரையில் ஒரு விநாடியில் பலமுறை மாறும் படங்களில் ஒன்று.
பிங்: சர்வருக்குச் செய்தி போய்த் திரும்பும் நேரம்.

வேகத்தைக் கூட்ட இந்தக் கேமில் கடை எதுவும் இல்லை. பத்தாண்டு ஆடியவரும் இன்று டவுன்லோட் செய்தவரும் ஒரே உயிர் அளவோடும் ஒரே பிளாஸ்டரோடும்தான் களத்தில் இறங்குகிறார்கள். வித்தியாசம் கையில் மட்டும்தான் இருக்கிறது. முதல் நாள் குறித்துக்கொண்ட எண்ணை ஒரு வாரத்தில் எளிதாகத் தாண்டும்போது உங்களுக்கே அது புரியும். முதல் இரண்டு நாள் எண் ஏறவில்லை என்று போல்டரை டெலிட் செய்துவிடாதீர்கள். மூன்றாம் பயிற்சி வரை பொறுத்திருந்து பாருங்கள்.